மூன்றாவது விசில்

"சார், நாலு நம்பர்தான் வேணும். நீங்க ஆறு சொல்லுதீங்க."

சிலிண்டரை வாசற்படியோரம் உருட்டி நிறுத்திவிட்டு அந்தப் பையன் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கியிருந்த போனில், கோட்டாறு கம்போளத்து வத்தல் வியாபாரி அண்ணாச்சி ஒருவர் தன் ஜிஎஸ்டி கணக்கை முடிக்க வந்த ஓடிபியை ஒவ்வொரு எண்ணாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அதை வாங்கி வாங்கிச் சிலிண்டர் பையனிடம் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். சிலிண்டருக்கு வந்த நாலு எண் என்னவாயிற்று என்கிறீர்களா? அதைக் கொஞ்ச நேரம் முன்பே கணினியில் அடித்துப் பார்த்து, ஏன் நகரமாட்டேன் என்கிறாய் என்று கணினியைத் திட்டிவிட்டும் வந்திருந்தேன்.

அண்ணாச்சிக்குக் காது கூர்மை. "சிலிண்டர்காரனுக்கு எதுக்கு சார் நம்ம கணக்கு?" என்றார்.

அன்று மாதத்தின் 20-ஆம் தேதி. அதைச் சாக்காகச் சொல்லலாம். ஆனால் மற்ற நாள்களிலும் நான் இப்படித்தான். போன வருஷம் ஒரு துட்டி வீட்டுக்குப் போயிருந்தேன். கொஞ்ச நேரம் தலையைக் குனிந்து உட்கார்ந்துவிட்டு எழுந்தேன். அங்கே 'போயிட்டு வாறேன்' என்று சொல்லக் கூடாது, பேசாமல் இறங்கிவிட வேண்டும். எனக்கும் அது தெரியும். ஆனால் படியில் மூத்த மகனைப் பார்த்ததும் வாய் தானாகத் திறந்து, "மார்ச் மாச பில்லெல்லாம் சீக்கிரம் அனுப்பிருங்க" என்றது. அவர் அழுகையை நிறுத்திவிட்டு "சரி சார்" என்றார். இன்னொரு நாள் கோயிலில் அர்ச்சகர் ராசி, நட்சத்திரம் கேட்டபோது நான் பான் எண்ணைச் சொல்லத் தொடங்கினேன். அதைக் கேட்டது என் மனைவி ஒருத்திதான். ஊர் முழுக்கத் தெரிய அவள் ஒருத்தி போதும்.

நாகர்கோவிலில் வரி ஆலோசகர் பிழைப்பு எனக்கு. மற்றவர்கள் காலண்டரில் பொங்கலையும் தீபாவளியையும் தேடுவார்கள். எங்கள் பண்டிகைகள் வேறு. 7-ஆம் தேதி டிடிஎஸ் கட்ட வேண்டும். 11 விற்பனைக் கணக்கு. 20 வரிக் கணக்கு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்கிறவர்களுக்கு 13, 22 என்று தனி முகூர்த்தம். 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்ததிலிருந்து, மாதத்தில் எந்த நாளில் விரலை வைத்தாலும் அது ஏதோ ஒரு கடைசி நாளுக்கு முந்தின நாளாகவே இருக்கிறது.

இத்தனைக்கும் நான் இருக்கிற ஊர் எது? அலுவலகத்தில் இருந்து இடலாக்குடி நடக்கிற தூரம். சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் 1874-இல் பிறந்த மண். 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு விஷயங்களை ஒரே நேரத்தில் கவனித்துக் காட்டியவர் அவர். ஒருவர் ஈற்றடி கொடுப்பார், இன்னொருவர் கணக்குக் கொடுப்பார், வேறொருவர் ஏதோ ஒரு தேதியைச் சொல்லி அன்று என்ன கிழமை என்பார், பின்னாலிருந்து ஒருவர் முதுகில் கல்லை எறிந்துகொண்டே இருப்பார். கடைசியில் வெண்பாவும் வர வேண்டும், விழுந்த கல்லின் எண்ணிக்கையும் வர வேண்டும். அவதானம் என்றாலே கவனம்தான். இலங்கைத் தமிழர்கள் எச்சரிக்கைப் பலகையில்கூட இந்தச் சொல்லை எழுதுகிறார்கள். என் கழுத்திலும் ஒன்று மாட்டியிருக்கலாம்.

இருபது வருஷமாக நானும் ஒரு குட்டி அவதானி என்றுதான் நினைத்திருந்தேன். போன் பேசிக்கொண்டே கணக்குப் போடுவேன், கணக்குப் போட்டுக்கொண்டே இட்லி தின்பேன், இட்லி தின்றுகொண்டே மனைவி சொல்வதற்கு 'உம்' கொட்டுவேன். பாவலர் நூறு வைத்துக்கொண்டார், ஒன்றும் சிந்தவில்லை. நான் மூன்று வைத்துக்கொண்டேன், மூன்றும் சட்டையில் சிந்தின.

சிலிண்டர் கதை பெங்களூரில் இருக்கும் மகள் வரை போயிற்று. "அப்பா, நீங்க ஒரே நேரத்துல எல்லாத்தையும் தலையில ஏத்துறீங்கப்பா. நடுவுல நிறுத்தி மூச்சு விடுங்க" என்று சொல்லி, போனில் ஒரு செயலியையும் ஏற்றிவிட்டாள். நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஏழு எண்ணி நிறுத்தி, எட்டு எண்ணி விட வேண்டும். ஆண்ட்ரூ வெய்ல் என்ற அமெரிக்க டாக்டர் பரப்பிய முறை, மூலம் நம்முடைய பிராணாயாமம். முதல் நாள் நாலு எண்ணும்வரை எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. ஏழில் டிடிஎஸ் நினைவு வந்துவிட்டது. அடக்கிய மூச்சோடு எழுந்து போய் ஒரு சலானைத் தேடினேன். எட்டு எண்ணி விட்டேனா என்று நினைவில்லை. உயிரோடு இருப்பதால் விட்டிருப்பேன்.

அதோடு விட்டதா? 'இன்று நீங்கள் இன்னும் மூச்சு விடவில்லை' என்ற பொருளில் செயலியிடமிருந்து தினமும் சாயங்காலம் ஓர் அறிவிப்பு வரும். விடாமல் செய்த நாள்களை அது எண்ணி, மேலே ஒரு தீச்சுடர் படம் போட்டுக் காட்டும். 11 நாள் சுடர் எரிந்தது. 12-ஆம் நாள் மறந்தேபோனேன். இரவு 11:52-க்குப் படுக்கையில் ஞாபகம் வந்தது. எட்டு நிமிஷத்தில் சுடர் அணைந்துவிடும். எழுந்து உட்கார்ந்து, கடைசி நாளில் கணக்குத் தாக்கல் செய்கிற அதே வேகத்தில் மூச்சை இழுத்து இழுத்து விட்டேன். மனைவி விளக்கைப் போட்டு, "என்ன, இழுப்பு வந்துட்டா?" என்று பதறிப்போய் தைலத்தைத் தேடினாள். சுடரைக் காப்பாற்றிவிட்டேன். அன்று இருவருக்கும் தூக்கம் வர இரண்டு மணி ஆயிற்று.

மூச்சு சரிவரவில்லை என்றதும் நோட்டுப் புத்தகத்துக்குத் தாவினேன். இது நான் படித்த விஷயத்தால் வந்த வினை. புளூமா செய்கார்னிக் என்ற உளவியலாளர் 1927-இல் ஜெர்மனியில் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். ஹோட்டல் சிப்பந்திகளைக் கவனித்ததில் பிறந்த யோசனை அது என்பார்கள். பணம் கொடுக்காத மேசையின் ஆர்டர் அவர்களுக்கு அச்சுப் பிசகாமல் நினைவிருக்கும், பணம் கொடுத்ததும் மறந்துவிடும். அதையொட்டிச் சிலருக்குச் சின்னச் சின்ன வேலைகள் கொடுத்து, பாதி வேலைகளை நடுவில் நிறுத்திப் பார்த்தார். முடித்த வேலைகளைவிட முடிக்காதவையே அதிகம் நினைவில் நின்றன. பின்னால் இதைச் செய்து பார்த்த எல்லாருக்கும் இதே விடை வரவில்லை என்பது வேறு விஷயம். எனக்கு வந்தது. என் தலை முழுக்கப் பணம் கொடுக்காத மேசைகள்தான்.

நம்புவதற்கு முன் சரிபார்ப்பது தொழில் பழக்கம். அலுவலகத்துக்குக் கீழே சாயாக்கடை. அங்கே மாஸ்டர் ஒரே நேரத்தில், 'ரெண்டு கட்டன், ஒரு ஸ்ட்ராங், ஒண்ணு சீனி கொறச்சு, ஒண்ணு ஆத்தாம' என்று வருகிற எல்லாவற்றையும் தலையில் வாங்கிக்கொண்டு ஆளறிந்து நீட்டுவார். ஒருநாள் குடித்து, காசு கொடுத்து, படியேறப் போனவன் திரும்பி வந்து கேட்டேன்: "மாஸ்டர், இப்ப நான் என்ன குடிச்சேன்?"

மாஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன் சார், நல்லா இல்லியா?"

"இல்ல, சும்மா. என்ன குடிச்சேன்னு ஞாபகம் இருக்கா?"

"ஒங்களுக்கு இல்லியா சார்?" என்றார். குரலில் நிஜமான கவலை இருந்தது. அதற்குப் பிறகு ஒரு வாரம் எனக்கு மட்டும் சீனியைக் குறைத்தே போட்டார். சர்க்கரை ஏறினால் மறதி வரும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

வேலையை முடிக்கக்கூட வேண்டாம், எப்போது எப்படி முடிப்போம் என்று திட்டம் போட்டாலே மனசு அதைக் குடைவதை நிறுத்திவிடும் என்று 2011-இல் இன்னோர் ஆய்வு வந்திருக்கிறது. அதை நம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து தலையில் இருந்ததை எல்லாம் ஒரு நீளநோட்டில் இறக்கினேன். 43 வந்தது. 9: மாடித் தொட்டி கழுவ ஆள் பார்க்க வேண்டும். 17: காலி சிலிண்டருக்குப் பதிவு செய்ய வேண்டும். 31: மூச்சுப் பயிற்சி. 43: இந்தப் பட்டியலைச் சுருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே தேதியும் போட்டேன். எழுதி முடித்து நோட்டை அலமாரியில் வைத்து மூடியபோது தோளிலிருந்து மூட்டையை இறக்கியது போல இருந்தது. அன்று இரவு தூங்கியது போலக் கல்யாணத்துக்கு முன்பு தூங்கியதோடு சரி. அந்த நிம்மதியில் ஒரு குறை ஒளிந்திருந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்தது போன். பிரான்சில் 1982-இல் 'பிளம் வில்லேஜ்' என்ற மடத்தைத் தொடங்கிய வியட்நாமிய பௌத்தத் துறவி திக் நாட் ஹான். அங்கே மணி அடித்தால் அவரவர் செய்கிற வேலையை அப்படியே நிறுத்திவிட்டு மூச்சைக் கவனிப்பார்கள். போன் அடித்தாலும் அதேதான், மூன்று மூச்சு விட்ட பிறகே எடுப்பார்கள். படிக்கவே அழகாக இருந்தது. நானும் ஆரம்பித்தேன். போன் அடிக்கும், பேனாவைக் கீழே வைப்பேன், கண்ணை மூடுவேன், ஒன்று, இரண்டு... அதற்குள் அழைப்பு நின்றுவிடும். கோட்டாற்றில் யாருக்கும் மூன்று மூச்சுக்குப் பொறுமை கிடையாது. நான்காம் நாள் வத்தல் அண்ணாச்சியே நேரில் வந்துவிட்டார். நாற்காலியில் உட்காராமல், குரலைத் தாழ்த்தி, "சார், ஏதாவது பணக் கஷ்டமா? எங்கிட்ட சொல்லுங்க" என்றார். போனை எடுக்காதவன் கடன்காரன், கம்போளத்தில் அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. மூன்று மூச்சை அன்றே கைவிட்டேன். ஆனால் அண்ணாச்சி கேட்ட அந்தக் கேள்வி மட்டும் மனசில் நின்றது. உதவ வந்த மனுஷரை அன்றும் நான் இருக்கச் சொல்லவில்லை, ஒரு கையால் தட்டச்சு செய்துகொண்டே பதில் சொன்னேன்.

நடுவில் மருந்துவாழ்மலையும் ஏறினேன். நாராயண குரு குகையில் தவம் இருந்த மலை என்பதால் அமைதி மிச்சம் கிடக்கும் என்று ஒரு நம்பிக்கை. எங்கள் தெருவில் ஒற்றைக் கோட்டில் தவிக்கிற சிக்னல் மலை உச்சியில் நான்கு கோடும் நிரம்பி நின்றது. 14 செய்தி. உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் பதில் போட்டுவிட்டு இறங்கினேன். மேரி கோண்டோவின் வழியில் அலுவலகத்தையும் ஒழிக்கப் பார்த்தேன். ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, இது எனக்கு மகிழ்ச்சி தருகிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டுமாம். வரிக் கோப்பைக் கையில் எடுத்து அப்படிக் கேட்டவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஒரு கோப்பும் தரவில்லை. தூக்கி எறிய முடியுமா? வருடாந்தரக் கணக்கின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று ஜிஎஸ்டி சட்டம் சொல்கிறது. ஜப்பானிய அம்மையார் அதைப் படித்திருக்க மாட்டார்.

இவ்வளவும் நடந்துகொண்டிருந்தபோது வீட்டில் எனக்கு ஒப்படைக்கப்பட்டிருந்த அவதானம் ஒன்றே ஒன்றுதான்.

"இஞ்ச பாருங்க, குக்கர் வச்சிருக்கேன். மூணு விசில் வந்தா அணைச்சிருங்க. மூணு. எண்ணத் தெரியும்லா?"

மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. காலை ஏழு மணிக்குக் குளிக்கப் போகிறபோது சொல்லிவிட்டுப் போவாள். 24 வருஷமாகச் சொல்கிறாள். ஆண்டு முழுவதும் எத்தனையோ பேருடைய விற்றுமுதலைக் கூட்டிக் கழிக்கிற எனக்கு மூன்று வரை எண்ண வந்ததில்லை. முதல் விசில் கேட்கும். அப்புறம் ஒரு அழைப்பு வரும். பிறகு வருவது இரண்டாவதா நான்காவதா என்று சந்தேகம் வரும். சந்தேகத்தின் பலனைக் குக்கருக்குக் கொடுத்து இன்னும் ஒன்று பார்ப்போம் என்று விடுவேன். பருப்பு கரைந்து கஞ்சியாகும், இல்லையென்றால் பயத்தில் ஒரு விசிலிலேயே அணைத்துவிட்டு, தட்டில் விழுந்தால் சத்தம் கேட்கிற பருப்பைத் தின்போம். குளியலறைக்குள் தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவிலிருந்து, "அது அஞ்சாவதாக்கும்!" என்று அவள் குரல் வரும். சோப்புப் போட்டுக்கொண்டே அவள் எண்ணிக்கொண்டிருந்திருப்பாள். ஒருநாள் நெகிழ்ந்துபோய், "இந்த வீட்டுச் சதாவதானி நீதான்" என்று சொன்னேன். "பட்டமெல்லாம் வேண்டாம், விசில எண்ணுங்க போதும்" என்றாள். நியாயம்தான். இந்த மாதிரிப் பட்டங்கள் கொடுத்தே ஆண்கள் நாங்கள் வேலையிலிருந்து தப்பித்து வந்திருக்கிறோம்.

பருப்பு மூன்றாம் முறையாகக் கஞ்சியான வாரத்தில் அவள் என் போனைப் பிடுங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். "அடுப்படியில போய் நில்லுங்க. வேற ஒண்ணும் செய்யாண்டாம்."

நின்றேன். முதல் இரண்டு நிமிஷம் கை தானாகச் சட்டைப் பையைத் தடவிக்கொண்டே இருந்தது. பிறகு வேறு வழியில்லாமல் குக்கரைப் பார்த்தேன். 24 வருஷமாகச் சாப்பாடு போடுகிற சாமானை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். முதலில் மூடியின் குழாயிலிருந்து ஆவி மெல்லியதாக நூல் விடுகிறது. அது கனத்து வந்த பிறகே வெயிட்டைப் போட வேண்டும், அவசரப்பட்டு முன்பே போடக் கூடாது. அப்புறம் ஒரு நீண்ட மௌனம். உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்காக ஏற வேண்டும், தண்ணீரின் சூடு 120 டிகிரியை நெருங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் வெயிட் தலையைத் தூக்கும். முதல் விசிலுக்குத்தான் நேரம். இரண்டாவதும் மூன்றாவதும் சீக்கிரம் வந்துவிடுகின்றன. நான் தவறவிட்டதெல்லாம் அங்கேதான். முதலுக்குக் காத்து அலுத்துப்போய் போனை எடுப்பேன், அடுத்த இரண்டும் பின்னாலேயே ஓடிவந்துவிடும்.

அடுத்த நாளும் நின்றேன். குக்கருக்கு மேலே சுவரில் அடுக்களைக் காலண்டர். பால் கணக்கு, பரீட்சைத் தேதி, அவள் அம்மாவுக்குக் கண் பரிசோதனை எல்லாம் பென்சிலில். நடுவே 7, 11, 20 மூன்றும் சிவப்பு மையில் சுழிக்கப்பட்டிருந்தன. புரட்டிப் பார்த்தேன், ஒவ்வொரு மாதமும் அப்படியே. அந்த நாள்களில் விருந்தாளி, ஆஸ்பத்திரி, கல்யாணம் எதையும் அவள் வைத்துக்கொள்ளவில்லை. என் கடைசி நாள்களையும் சேர்த்து இன்னொருத்தி சுமந்துகொண்டிருந்திருக்கிறாள். அதைப் பற்றி அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். விசில் வந்துவிட்டது.

இரண்டு மாதம் பருப்புப் பதமாக வெந்தது. காலையில் அந்தப் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் ஒன்றும் செய்யாமல் நிற்கிறவன், அன்று அலுவலகத்தில் ஓடிபியை மாற்றிச் சொல்வதில்லை என்பதையும் கவனித்தேன். அதை அதோடு விட்டிருக்கலாம். எனக்குத் திமிர் வந்துவிட்டது. பார்ப்பதற்குக்கூட எதுவும் வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டே எண்ணுவோம் என்று அடுத்த படிக்குப் போனேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை கண்ணை மூடி நின்றேன். ஒன்று. இரண்டு. கூடத்தில் போன் அடித்தது, அசையவில்லை. திரும்ப அடித்தது, இதழில் ஒரு சின்னச் சிரிப்புக்கூட வந்தது. மூன்றாவது வரவில்லை. வராதது எனக்குப் பதற்றம் தரவில்லை என்பதே பெரிய முன்னேற்றமாகப் பட்டது. நேரம் நீண்டுகொண்டே போயிற்று. குளியலறைத் தண்ணீர்ச் சத்தம் நின்றது, தெருவில் மீன்காரர் போனார், எங்கேயோ ஒரு வண்டி கிளம்பியது. காலம் கரைந்துபோகும் என்று தியானப் புத்தகங்களில் எழுதுவது இதுதான் போல என்று நினைத்தேன்.

"என்ன, சத்தத்தையே காணும்?"

கண்ணைத் திறந்தேன். தலையில் துண்டோடு மனைவி நின்றாள். அடுப்பில் தீ இல்லை. குக்கர் பாதி ஆறியிருந்தது.

"கேஸ் தீந்து கெடக்கு. இவ்வளவு நேரம் என்ன செஞ்சிட்டு நின்னீங்க? மத்த சிலிண்டர் எங்க?"

மற்ற சிலிண்டர் காலி. அதுதான் எண் 17. எழுதி வைத்தால் மனசு விட்டுவிடும் என்று சொன்னார்கள் இல்லையா, என் மனசு பரம யோக்கியமாக விட்டுவிட்டது. நோட்டு அலமாரியில் அப்படியே இருந்தது, எதிரே போட்ட தேதி தாண்டி ஏழு வாரம். அன்று காலைச் சாப்பாடு சாயாக்கடைப் பழம்பொரி. "ரெண்டு பேருக்குமா சார்?" என்று மாஸ்டர் கேட்டுவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று எண்ணிக்கையை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் சிலிண்டர் வந்தது. அதே பையன். இந்தத் தடவை காதில் போன் இல்லை, வாயில் இட்லி இல்லை, இரண்டு கையையும் தொங்கவிட்டு நிதானமாக வாசலில் போய் நின்றேன்.

"நம்பர் சொல்லுங்க சார்."

நம்பர் போனில். போன் உள்ளே. போய் எடுத்து வந்து, செய்தியைத் தேடிப் பிடித்து, ஒவ்வொரு எண்ணாக, தெளிவாக, நாலே நாலு எண்ணைச் சொன்னேன்.

பையன் தட்டிப் பார்த்தான். மறுபடியும் தட்டிப் பார்த்தான்.

"சார், இது போன தடவ வந்த நம்பரு."